தண்ணீர் குடிக்கும் முட்டை

பாம்பு முட்டை உடையாது, கிழியும். விரலால் அழுத்தினால் குழி விழும், விரலை எடுத்தால் மெல்ல நிமிர்ந்துகொள்ளும். கோழி முட்டையை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு முட்டை என்றாலே எல்லாம் உள்ளே வைத்து அடைத்த ஒரு சாமான். வெளியிலிருந்து சூடு மட்டும் கிடைத்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பாம்பு முட்டை அந்த ரகம் இல்லை. நார் நாராகப் பின்னிய சவ்வு, அதன்மேல் மிக மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, ஓடு என்பது அவ்வளவுதான். அதன் வழியாகக் காற்றும் போய்வரும், தண்ணீரும் போய்வரும். அடைகாக்கும் நாட்களில் கோழி முட்டை சுமார் 12 முதல் 15 சதவீத எடையைத் தண்ணீராக இழக்கிறது. பாம்பு முட்டைக்கு நேர்மாறான கணக்கு. ஈரமான இடத்தில் கிடந்தால் அது சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சி, இட்ட அன்றைக்கு இருந்ததைவிடக் கனமாகிறது, பருத்தும் விடுகிறது. பாம்புக்குட்டி உருவாவதில் தாய்க்கு ஒரு பங்கு என்றால் முட்டை கிடக்கும் மண்ணுக்கு இன்னொரு பங்கு. அந்த இரண்டாவது பங்கைப் பற்றி நம்மில் யாரும் பேசுவதே இல்லை.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது பக்கத்து வீட்டு ஆயாவால். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸில் இருக்கிறோம். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுக்கக் கரும்புத் தோட்டம். இன்னும் வடக்கே போனால் இப்போதும் கரும்புதான். 1860-ல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் அந்தக் கரும்பை வெட்டினார்கள். கரும்பு இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு இருக்கும். தோட்டம் போய் வீடு வந்தும் எலி போகவில்லை, அதனால் பாம்பும் போகவில்லை. ஆயாவின் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம், அதற்கு உரம் போடத் தழையும் காய்கறித் தோலும் மக்கிக் கிடக்கும் ஒரு குவியல். நவம்பரில் ஒரு நாள் அதைக் கிளறியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"ஏ கண்ணு, இங்க வா. என்னமோ வெள்ளையா ஒட்டிக்கிட்டு கெடக்கு. நல்ல பாம்பா கெட்ட பாம்பா பாரு."

ஒன்றோடொன்று ஒட்டிய நீள முட்டைகள், ஒரு கொத்து. முட்டையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல எனக்குத் தெரியாது. பாம்பு பிடிக்கும் அண்ணா ஒருவர் அடுத்த தெருவில் இருக்கிறார். நாட்டுப் பாம்புகளை வைத்துக்கொள்ள இங்கே உரிமம் வேண்டும், அது அவரிடம் உண்டு. அவர் வந்து பார்த்துவிட்டு, பழுப்பு வீட்டுப் பாம்பு, விஷமில்லை, எலிதான் அதற்குச் சாப்பாடு என்றார். ஆயாவுக்கு அது ஆறுதலாகவே இல்லை. முட்டையை எடுத்தால் தாய் தேடிக்கொண்டு வரும், வெள்ளிக்கிழமை வேறு, என்று ஒரே புலம்பல். தாய் முட்டையிட்ட கையோடு போய்விட்டது, திரும்பிப் பார்க்கவும் பார்க்காது என்றார் அண்ணா. அதைக் கேட்டதும் ஆயாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. "அப்படிப் போட்டுட்டு ஓடுறவ என்ன தாயி?"

அந்தத் தாயை நான் கொஞ்சம் தாங்கிப் பேசவேண்டும். அவள் ஓடுவதற்குள் பாதி வேலையை முடித்துவிட்டுத்தான் ஓடுகிறாள். பல்லி, ஓணான், பாம்பு வகையின் கரு வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்து எண் போடும் முறையை 1961-ல் துஃபோர், ஹ்யூபர் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் வகுத்தார்கள். ஒரு சிறு பல்லியை வைத்து அவர்கள் போட்ட படிகள் 40. அந்தக் கணக்கில், முட்டையிடும் பெரும்பாலான இனங்களின் கரு வெளியே வரும்போதே ஏறக்குறைய 30-ஆம் படியைத் தொட்டிருக்கிறது. தலை உருவாகிவிட்டது, கண்ணுக்கான புடைப்பு தெரிகிறது, இதயம் துடிக்கிறது, உடல் சுருண்டிருக்கிறது. கோழி முட்டையை இடும்போது உள்ளே இருப்பது மஞ்சள் கருவின்மேல் ஒரு சின்ன வட்டு, அவ்வளவே. பாம்பின் தாய் அதைவிட வெகுகாலம் முட்டையை வயிற்றில் வைத்திருந்து வளர்த்துத் தருகிறாள். ஆயாவிடம் இதைச் சொன்னேன். "அப்படின்னா மிச்சத்தையும் வச்சிருந்து பெத்திருக்கலாமில்ல?" என்றார்.

கேள்வி நியாயம்தான். அப்படிப் பெறுகிற பாம்புகளும் இதே நாட்டில் உண்டு. பஃப் ஆடர், ரிங்கால்ஸ், மோல் பாம்பு மூன்றும் குட்டி போடுபவை. செக் நாட்டு விலங்குக் காட்சிசாலை ஒன்றில் ஒரு பஃப் ஆடர் 156 குட்டி போட்டது, பாம்புகளில் அதுதான் சாதனை. மாம்பா, பூம்ஸ்லாங், மலைப்பாம்பு, வீட்டுப் பாம்பு எல்லாம் முட்டைதான். குளிர் தேசத்தில் மண் சூடாக இருக்காது, வயிற்றில் வைத்துக்கொண்டு வெயில் காய்ந்தால்தான் கரு வளரும் என்பது குட்டி போடுவதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். டர்பன் மாதிரி சூடும் ஈரமும் உள்ள ஊரில் அந்தச் சுமையை மண்ணிடம் விட்டுவிடலாம்.

சரி, தாய் வயிற்றில் கழியும் அந்தப் பாதியில் என்ன நடக்கிறது? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது. முதுகெலும்புள்ள எந்தப் பிராணியின் கருவிலும் முதுகுப் பக்கத் திசுப்பட்டை முன்னாலிருந்து பின்னால் துண்டு துண்டாகப் பிரிகிறது. இந்தத் துண்டுக்குச் சோமைட் என்று பெயர். பின்னால் முள்ளெலும்பு, விலா எலும்பு, முதுகுத் தசை எல்லாம் இதிலிருந்துதான். கருவின் வால் பக்கத்துச் செல்களில் சில ஜீன்கள் தாளம் தவறாமல் விழித்துத் தூங்கி விழிக்கின்றன, ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு துண்டு வெட்டுப்படுகிறது. கோழிக் கருவில் 90 நிமிடத்துக்கு ஒன்று, சுண்டெலியில் இரண்டு மணிக்கு ஒன்று. கோழிக்கு மொத்தம் சுமார் 55 துண்டு, சுண்டெலிக்கு 65. சோளப் பாம்புக்கு 315.

இந்த 315-ஐப் பார்த்ததும் பாம்பின் கடிகாரம் படுவேகமாக ஓடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒலிவியே பூர்கியே என்ற ஆய்வாளரின் குழு 2008-ல் அளந்து பார்த்தது. சோளப் பாம்பில் ஒரு துண்டுக்கு சுமார் 100 நிமிடம். கோழியைவிட மெதுவே! சூட்சுமம் வேறிடத்தில் இருந்தது. வெட்டுகிற தாளம் அதே கதியில் இருக்க, வெட்டப்படுகிற திசு மிக மெதுவாக வளர்கிறது. அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் சின்னத் துண்டே கிடைக்கிறது. அதோடு வெட்டும் வேலையும் சீக்கிரம் நிற்பதில்லை, பட்டை தீரத் தீர வாலில் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. மற்றப் பிராணிகள் நிறுத்திவிட்ட பிறகும் பாம்பு நீட்டிக்கொண்டு போகிறது. அதன் நீளம் அவசரத்தில் வந்ததில்லை, நிதானத்தில் வந்தது. கழுத்து எங்கே முடிகிறது, மார்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்கிற ஹாக்ஸ் ஜீன்களின் எல்லைகளும் பாம்பில் நீண்டு கிடக்கின்றன. உடம்பின் பெரும்பகுதி விலா எலும்போடு இருப்பது அதனால்தான்.

கால் விஷயமும் இங்கேயே வருகிறது. பாம்புக்குக் கால் இல்லை என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். மலைப்பாம்பின் கருவைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. ஆப்பிரிக்க மலைப்பாம்பின் முட்டை இடப்படும் சமயத்தில் பின்னங்கால் மொட்டு இரண்டு பக்கமும் தெளிவாகத் துருத்தி நிற்கிறது. ஃபுளோரிடாவில் லீல், கோன் இருவரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி அந்த மொட்டுக்குள் தொடை, கால், பாதம் வரை எலும்புக்கான முன்வடிவம் தோன்றிவிட்டுப் பிறகு மறைகிறது. பிறக்கும்போது மிஞ்சுவது தொடை எலும்பின் ஒரு துணுக்கும், வெளியே தெரியும் ஒரு சிறு நகமும். கால் வளர்க்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற ஜீன் பாம்பிடம் பத்திரமாக இருக்கிறது. காலில் அதைப் போட்டு அணைக்கும் சுவிட்ச் ஒன்று டிஎன்ஏவில் ஏறக்குறைய பத்து லட்சம் எழுத்து தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பழுதானது அதுதான். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் இன்னொரு குழு சுண்டெலியின் சுவிட்சை எடுத்துவிட்டு நாகத்தினுடையதை வைத்துப் பார்த்தது. எலிக்கால் வெறும் முண்டாக நின்றுவிட்டது. பாம்புகளின் சுவிட்சில் பொதுவாகக் காணாமல்போன 17 எழுத்தை மலைப்பாம்பின் சுவிட்சில் திரும்பச் சேர்த்து வைத்ததும் கால் வளர்ந்துவிட்டது. 17 எழுத்து! வீட்டுப் பாம்புக் கருவில் மலைப்பாம்பின் அந்தப் பாதி முயற்சியும் கிடையாது.

இதெல்லாம் படித்தது. பார்த்தது அண்ணாவின் வீட்டில். முட்டைக் கொத்தை அவர் பிரிக்கவில்லை, அப்படியே எடுத்து, மேல் பக்கம் எது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு, வெர்மிகுலைட் என்ற, ஈரம் பிடித்துவைக்கும் தாதுத் துகளை நனைத்து நிரப்பிய டப்பாவில் வைத்திருந்தார். ஆமை முட்டையையும் முதலை முட்டையையும் தலைகீழாகப் புரட்டினால் கரு செத்துவிடும், ஏனென்றால் அது மேல்பக்க ஓட்டோடு ஒட்டிக்கொள்கிறது. பாம்பு முட்டை அந்த அளவுக்கு நோவதில்லை என்று சில சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் பென்சில் கோடு போடாத பாம்புக்காரரை நான் பார்த்ததில்லை.

அறையை இருட்டாக்கி போன் டார்ச்சை முட்டையின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தார். முட்டை முழுக்க இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. மேலே ஒரு தடித்த ரத்தக்குழாய், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து இழை, இழைகள் எல்லாம் ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டியே பரவியிருந்தன. நடுவில் நிழலாக ஒரு சுருள். அதன் ஒரு நுனியில் கரும்புள்ளி. "கண்ணு" என்றார் அண்ணா. வெளிச்சம் பட்டதும் சுருள் ஒருமுறை நெளிந்தது. ஓரத்தில் இருந்த ஒரு முட்டையில் குழாயே இல்லை, வெறும் மஞ்சள் வெளிச்சம். அது கருத்தரிக்காதது, சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும் என்றார்.

ஓட்டை ஒட்டிப் பரவியிருந்த அந்தக் குழாய்கள்தான் முட்டைக்குள் இருக்கும்வரை குட்டியின் நுரையீரல். கருவின் குடலிலிருந்து பை மாதிரி வளரும் அலண்டாய்ஸ் என்ற சவ்வு வெளிச்சவ்வோடு சேர்ந்து ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. அங்கேதான் ஆக்சிஜன் உள்ளே வருகிறது, கரியமில வாயு வெளியே போகிறது. கழிவு சேர்வதும் அதே பையில். மண் ஒரேயடியாகத் தண்ணீரில் ஊறினால் முட்டை மூச்சு முட்டிச் சாகும், காய்ந்தால் சுருங்கிச் சாகும். டர்பனின் கோடை மழையில் மக்கிய குவியலைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்: தண்ணீர் வடிந்துவிடும், ஈரம் நிற்கும், மக்கும் தழையே சூடும் தரும்.

மஞ்சள் கரு விஷயத்திலும் பாம்பு தனி வழி. கோழிக்கு மஞ்சள் கரு கடைசிவரை நீர்த்த திரவம், பையின் சுவர்தான் அதை உறிஞ்சும். பாம்பு முட்டையில் செல்கள் மஞ்சள் கருவுக்குள்ளேயே புகுந்து பெருகி அதை விழுங்கிக்கொள்கின்றன. பிறகு அவை உள்ளே நீளும் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுற்றிக் கோத்தாற்போல ஒட்டிக்கொள்கின்றன. முதிர்ந்த முட்டையில் மஞ்சள் கரு இடியாப்பம் மாதிரி இழை இழையாக இருக்கும், ஒவ்வொரு இழையின் நடுவிலும் ஒரு குழாய். சோளப் பாம்பு முட்டைகளை அறுத்துப் பார்த்து இதை விவரமாக எழுதியவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். எலும்புக்கான சுண்ணாம்பும் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது, ஓட்டிலிருந்து கொஞ்சம்.

ஓட்டுக்குள் கழியும் அந்த இரண்டு மூன்று மாதத்தில் மிச்ச வேலை நடக்கிறது. இடது நுரையீரல் தொடங்கிய இடத்திலேயே சிறுத்து நிற்க, வலது மட்டும் உடம்போடு நீள்கிறது. சிறுநீரகம் இரண்டும் அக்கம்பக்கமாக இருக்க இடமில்லாமல் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகிறது. மேல் இமையும் கீழ் இமையும் வளர்ந்து ஒன்றாகிக் கண்ணாடிபோல் தெளிந்துவிடுகின்றன. பாம்பு இமைக்காது என்கிறோமே, அது நிரந்தரமாக மூடிய இமை வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறது. ஆண் கருவில் இனப்பெருக்க உறுப்பு இரண்டும் கடைசி நாட்கள் வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்துவிட்டுப் பொரிப்பதற்குச் சற்று முன்னால்தான் உள்ளே போகிறது. செதிலும் நிறமும் எல்லாவற்றுக்கும் பின்னால்.

பல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், மாம்பா இருக்கிற ஊரில் அதைச் சொல்லாமல் போகமுடியாது. மாம்பாவுக்கு விஷப்பல் வாயின் முன்னால், பூம்ஸ்லாங்குக்குப் பின்னால். இரண்டும் வேறு வேறு பல்லா என்று நெடுநாள் சண்டை. ஃப்ரீக் ஃபோங்க் என்ற டச்சு ஆய்வாளரும் குழுவும் எட்டு இனங்களின் 96 கருக்களைப் பார்த்து 2008-ல் பதில் சொன்னார்கள்: கருவில் இரண்டுக்கும் தொடக்கம் மேல்தாடையின் பின்பகுதியே. முன்பல் பாம்புகளில் தாடை வளர வளர அந்தப் பல் முன்னால் தள்ளப்படுகிறது. வளர்ந்த பாம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தச் சண்டை தீர்ந்திருக்காது.

இனி சூடு. எங்களுக்கு வடக்கே உள்ள செயின்ட் லூசியா ஏரியின் முதலைகளில் ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் சூடு முடிவு செய்கிறது. பாம்பில் அதைக் குரோமோசோம் முடிவு செய்துவிடும். ஆனால் எத்தனை நாளில் பொரியும், எவ்வளவு பெரிதாக வரும், முதுகெலும்பு கோணாமல் இருக்குமா என்பதெல்லாம் சூட்டின் கையில். அதனால்தான் இடத் தேர்வு. கறையான் புற்றுக்குள் வெளியே எப்படி இருந்தாலும் சூடும் ஈரமும் பெரிதாக மாறாது. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையை நாம் அநியாயத்துக்கு உதாரணமாகச் சொல்கிறோம், முட்டையின் பக்கமிருந்து பார்த்தால் அது நல்ல வீட்டுத் தேர்வு. இங்கே கருமாம்பா புற்றில் முட்டையிடுவதுண்டு. நைல் உடும்பு புற்றைத் தோண்டி முட்டையிட்டுவிட்டுப் போகும், கறையானே ஓட்டையை அடைத்துவிடும். அம்மன் கோயில் புற்றில் ஆயா வார்க்கும் பாலை எந்தப் பாம்பும் குடிக்காது. ஆனால் புற்று பாம்பின் வீடு என்று முன்னோர் சொன்னதில் தப்பே இல்லை.

ஓடாத தாயும் இந்த நாட்டிலேயே இருக்கிறாள் என்பதை ஆயாவுக்குச் சொல்லக் காத்திருந்தேன். தென்னாப்பிரிக்க மலைப்பாம்பு. ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் அலெக்ஸாண்டர் டினோகெங் காப்பகத்தில் ஏழு ஆண்டுகள் பாம்புகளுக்கு ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார், 2018-ல் எழுதினார். தாய் பூமிப்பன்றி தோண்டிய வளைக்குள் முட்டையிட்டு அதைச் சுற்றிக்கொள்கிறது. இந்திய மலைப்பாம்பு உடலை நடுக்கிச் சூடு உண்டாக்கும், இதற்கு அது வராது. அதனால் வளை வாசலுக்கு வந்து வெயிலில் கிடந்து, ஏறக்குறைய 40 டிகிரி வரை உடம்பைச் சுடவைத்துக்கொண்டு, உள்ளே போய் முட்டையைச் சுற்றிக்கொள்கிறது. வெயிலை நன்றாக வாங்குவதற்கென்றே அந்த மாதங்களில் நிறம் கறுத்துவிடுகிறது. அத்தனை நாளும் சாப்பாடு கிடையாது. குட்டி பொரித்த பிறகும் சுமார் இரண்டு வாரம் கூடவே இருக்கிறது, குட்டிகள் பகலில் வெயில் காய்ந்துவிட்டு இரவில் தாயின் சுருளுக்குள் வந்து படுக்கின்றன. எல்லாம் முடியும்போது தாயின் உடல் எடையில் சுமார் 40 சதவீதம் போயிருக்கும். ஆயா முழுக்கக் கேட்டுவிட்டு, "அது தாயி" என்றார்.

தைப்பூசக் காவடி நெருங்கிய சமயம் அண்ணாவிடமிருந்து போன். பருத்து வழவழவென்றிருந்த முட்டைகளில் அங்கங்கே குழி விழுந்திருந்தது, பொரிக்கும் நாள் வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். நான் போனபோது ஒரு முட்டையில் பிளேடால் கீறியதுபோல் நேர்த்தியான வெட்டு, அதிலிருந்து விரல் நகத்தைவிடச் சின்ன மூக்கு. வெட்டுவது முட்டைப்பல். கோழிக்குஞ்சின் மூக்கில் இருப்பது கொம்புப் பொருளால் ஆன வெறும் முனை, பாம்புக்கு அது மேல்தாடையில் முன்னோக்கி நிற்கும் அசல் பல். வேலை முடிந்து சில நாளில் விழுந்துவிடும். வெட்டியவுடன் வெளியே வந்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். தலையை நீட்டும், ஆள் அசைந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், ஒரு நாளுக்கு மேல் இப்படியே. அதற்குள் ஓட்டை ஒட்டிய குழாய்கள் வற்றி நுரையீரல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடுகிறது. அவசரப்பட்டு ஓட்டைக் கிழித்து உதவி செய்தால் குட்டி செத்தும் போகலாம்.

அண்ணா ஒரு குட்டியைத் திருப்பி வயிற்றைக் காட்டினார். அடிச்செதில்களின் நடுவில், வால் பக்கமாக, ஒரு சின்னக் கீறல். தொப்புள். பாம்புக்குத் தொப்புள் உண்டு, சில வாரத்தில் மூடிக்கொள்ளும். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு முதல் தோல் உரிக்கும்வரை தாங்கும், அதற்குப் பிறகுதான் பல்லிக்குட்டி, எலிக்குஞ்சு என்று இரை தேடத் தொடங்கும்.

தோல் உரித்ததும் குட்டிகளை எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடவேண்டும் என்பது அண்ணாவின் கட்சி. எலி அங்கேதானே இருக்கிறது. ஆயா முதலில் முடியாது என்றார். அப்புறம் கறிவேப்பிலை மரத்தடியில் எலி தோண்டிய பள்ளத்தை ஒருமுறை பார்த்தார், கொஞ்சம் இறங்கிவந்தார். ஓடையோரம் விடலாம், ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வெள்ளிக்கிழமை கூடாது. அண்ணா சனிக்கிழமை வந்தார்.